நாற்பத்தொன்றின் பேரில் ஏழு கேஜ்

எங்கள் கம்பெனியின் டூல் கிரிப்பில் இப்போது ஆளே கிடையாதாம். போன மாதம் நாகேஷ் சொன்னான். என்னோடு அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தவன், இப்போது உற்பத்தி லைனில் இருக்கிறான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, நான் உட்கார்ந்திருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, இரும்பு அலமாரி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே போய் நின்றால் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிறதாம்.

"உங்கள விட மரியாதைண்ணா. குட் மார்னிங் சொல்லுது."

அவன் சொன்னது சரிதான். இருபத்தாறு வருஷத்தில் நான் யாருக்கும் குட் மார்னிங் சொன்னதில்லை. கூச்சம். ஜன்னல் கம்பிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதன் வழியாகக் கை மட்டும் உள்ளே வரும். எனக்கு அதுவே வசதியாக இருந்தது. எண்ணெய் படிந்த கை, மருதாணிக் கை, நகம் நசுங்கிய கை என்று நானூறு பேரைக் கையை வைத்தே அடையாளம் சொல்வேன். கேன்டீனில் முகத்தோடு பார்த்தால் யாரென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

"முன்னெல்லாம் எப்படி ஓட்டினீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணா, பசங்க நம்ப மாட்டேங்கறானுங்க" என்று நாகேஷ் கேட்டான். எழுதும்போது வாய் குழறாது என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. பதினெட்டு வயதில் ஓசூருக்கு வந்து சில வருஷம் லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். கூட்டும்போது கிடைத்த கேஜ்களைத் துடைத்து, எண் வரிசையாக அடுக்கி வைப்பதைப் பார்த்த ஒருவர் என்னை டூல் கிரிப்பில் போட்டார். பயிற்சி அவ்வளவுதான்.

டூல் கிரிப் என்பது கருவி அறை. துளை சரியான அகலத்தில் குடையப்பட்டிருக்கிறதா, தண்டு சரியான பருமனில் இருக்கிறதா என்று பார்க்கும் கேஜ்களைக் கொடுத்து வாங்கும் இடம். சுவரில் தொள்ளாயிரம் ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு கேஜ், ஒவ்வொரு கேஜுக்கும் ஓர் எண். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஐந்து பித்தளை டோக்கன். ஐந்திலும் அவன் எண் அடித்திருக்கும். ஒரு டோக்கனைக் கொடுத்தால் ஒரு கேஜ் தருவேன். கேஜ் இருந்த ஆணியில் டோக்கனை மாட்டுவேன். கேஜ் திரும்பி வந்தால் டோக்கனும் திரும்பிப் போகும். வேலையை விட்டுப் போகிறவன் ஐந்து டோக்கனையும் ஒப்படைத்தால் அவனிடம் கம்பெனிச் சாமான் எதுவும் இல்லை என்று அர்த்தம். இதை ஒரு சுற்றறிக்கையாகவே டைப் அடித்துக் கிரிப்பின் உள்சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 'இந்த கேஜ் யாரிடம்?' என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்வேன். அந்த ஆணியைப் பார்த்தால் போதும். 'இந்த ஆளிடம் என்னென்ன கேஜ்?' என்று கேட்டால் தொள்ளாயிரம் ஆணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அரை மணி நேரம் ஆகும்.

அப்படிக் கேட்பதில் எங்கள் மேனேஜர் கோதண்டம் சாருக்குத் தனிப் பிரியம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பார். பதில் கடிகாரத்திடமிருந்து வந்ததுபோலத் தலையாட்டுவார். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தெரியாததை எல்லாம் "அத அப்பறம் பாக்கலாம்" என்பார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பச்சை மையில் 'நோட்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பார்த்துவிட்டேன் என்று பொருள். கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்த புகாரிலும் நோட்டட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது என்ற மனுவிலும் நோட்டட். என் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். பழக்க தோஷத்தில் அதிலும் நோட்டட் என்று எழுதி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வரவில்லை.

அடுத்தவர் சம்பங்கி, கான்டிராக்டர். எங்கள் ஆலையில் பத்தில் ஒருவர் அவர் அனுப்பும் ஆள். கம்பெனி அவருக்கு நாற்பது ஆளுக்கான இடம் ஒதுக்கி, இருபத்தொன்றிலிருந்து அறுபது வரை டோக்கன் எண் கொடுத்திருந்தது. அந்த டோக்கன்களைக் கம்பி வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டில் நிற்பார். சலங்கை கட்டிய மாடு வருவதுபோலச் சத்தம் முன்னால் வரும். ஒருவன் நின்றுவிட்டால் அவன் எண் அடுத்தவனுக்கு. ஒருவன் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் அவன் எண் வேறொருவனுக்கு. டோக்கன் தொலைந்தால் கம்பெனிக்குச் சொல்வதில்லை. பஜாரில் பித்தளைத் தகட்டில் அதே எண்ணை அடித்து வாங்கி வந்துவிடுவார். எங்களுக்கு ஐந்து டோக்கன் என்றால் ஐந்துதான். சம்பங்கி ஆட்களுக்கு அது அட்சய பாத்திரம்.

இது எனக்குத் தெரியும். ஒரே எண்ணில் வேறு வேறு கை வருவதைத் தினமும் பார்த்தவன் நான்.

இந்த நிலையில்தான் பெட்டி வந்தது. கையகல கம்ப்யூட்டர். சர்வர், ஒயர் எதுவும் கிடையாது. கணக்கு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும். அதை அமைத்துக் கொடுக்கப் பெங்களூரிலிருந்து சுமா என்ற பெண் வந்தார். வீட்டில் கன்னடம், என்னிடம் பாதித் தமிழ். ஆலை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து, தொள்ளாயிரம் ஆணியையும் பெட்டிக்குள் ஏற்றினோம். டோக்கனில் தேதி இருக்காது. அதனால் வெளியே போயிருந்த எல்லா கேஜுக்கும், எடுத்த தேதி என்ற இடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையையே போட்டார்.

பெட்டி எப்படி யோசிக்கும் என்று அவர் எனக்குச் சொன்னார். என் படிப்பைக் கேட்காமல் சொன்னார், அதனால் புரிந்தது.

"ஒவ்வொரு கேஜுக்கும் உள்ள ஒரு பொட்டலம் இருக்குண்ணா. மேல கேஜ் நம்பர் மட்டும் எழுதியிருக்கு. அது முதல் கீ, சாவி மாதிரி. அதக் குடுத்தா பொட்டலத்த எடுத்துக் குடுக்கும். பொட்டலத்துக்குள்ள என்னா இருக்குன்னு பெட்டிக்குத் தெரியாது."

"அப்ப ஆள் நம்பர் வெச்சுத் தேடினா?"

"முழிக்கும். உங்க ஆணி மாதிரிதான். அதுக்கு ரெண்டாவது கீ வேணும். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதறேன். அது பொட்டலத்தப் பிரிச்சு, டோக்கன் நம்பர மட்டும் எடுத்துக் குடுக்கும். அத வெச்சுப் பெட்டி தானே ரெண்டாவது லிஸ்ட் போட்டுக்கும். கேஜ் திரும்பி வந்தா டோக்கன் இடம் காலி, லிஸ்ட்ல இருந்து தானே போயிடும். நாம அந்த லிஸ்ட்ல கை வெக்கவே வேண்டாம்."

இன்னொன்றும் சொன்னார். ஒரே ஆள் பல கேஜ் எடுப்பான், ஆகவே ஒரே இரண்டாவது கீயில் பல பொட்டலம் வரலாம் என்று பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஏற்றும்போது அதைச் சொல்லியிருந்தவர், ஜன்னலில் கொடுப்பதற்கான புரோகிராமில் மறந்துவிட்டார். திங்கள் காலை இரண்டாவது கேஜ் கேட்டு வந்த அத்தனை பேரையும் பெட்டி திருப்பி அனுப்பியது. லைன் முக்கால் மணி நேரம் நின்றது. கோதண்டம் சார் கடிகாரத்தைப் பார்த்து, "இது யாரோட பொறுப்பு?" என்றார். கடிகாரம் ஒன்பது ஐந்து என்றது.

அதைச் சரிசெய்த பிறகு சுமா ஒரு கேள்வி கேட்டார். என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

"ஒரு டோக்கன் நம்பர்னா ஒரே ஆள்தானே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் சார், "ஆமா ஆமா, ஒரு நம்பர் ஒரு ஆள்" என்றார். நான் திறந்த வாயில் கொட்டாவி விட்டதுபோலக் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு கொட்டாவிக்கு மாதேஷ் அனுபவித்தான்.

மாதேஷ் சிங்காரப்பேட்டைக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சம்பங்கி ஆளாக நான்கு வருஷம் துளை குடையும் போரிங் மெஷினில் நின்றவன். வலது ஆள்காட்டி விரலில் பாதி நகம் இருக்காது. அவன் டோக்கன் எண் நாற்பத்தொன்று. கான்டிராக்ட் ஆட்களில் ஐந்து பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தபோது, மெஷின் பரீட்சையில் அவன்தான் முதல். கையில் கம்பெனிச் சாமான் எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் தாளில் கோதண்டம் சார் கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தாள் ஆபீசுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அவன் இடம் அடுத்தவனுக்கு.

கோதண்டம் சார் பெட்டியில் நாற்பத்தொன்று என்று தட்டினார். இரண்டாவது கீ ஒரு நொடியில் வேலையைக் காட்டியது. ஏழு கேஜ். ஏழும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை வைத்தார். அவர் அறையில் சம்பங்கி, மாதேஷ், மூலையில் நான்.

"ஒரே நாள்ல ஏழு கேஜ்" என்றார் கடிகாரத்திடம். "அதுல வெலை ஜாஸ்தியான ஜெர்மன் கேஜ் ஒண்ணு. எங்க வித்தாப்ல?"

மாதேஷ் சொன்னான்: "சார், என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பிளக் கேஜ். மெஷின் மேல இருக்குது. மத்தது எனக்குத் தெரியாது சார்."

"பெட்டி பொய் சொல்லுமா?"

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம சார். பிளான்ட் லீவு. ஊர்ல மாங்காத் தோப்புக்கு மருந்து அடிச்சிட்டிருந்தேன்."

"லீவு நாள்ல எடுத்திருக்கான். பாத்தியா சம்பங்கி?"

சம்பங்கி நெஞ்சில் கை வைத்தார். "நம்ம பசங்க தங்கம் சார். ஆனா இவன் மேல எனக்கு முன்னாடியே ஒரு டவுட்டு."

"நேத்து வரைக்கும் என்னத் தங்கம்னீங்களே மேஸ்திரி" என்றான் மாதேஷ்.

"தங்கத்துலயும் கவரிங் இருக்குதப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். நாற்பத்தொன்று எத்தனை கை என்பதும் தெரியும். பேச முடியாமல் எழுந்து வெளியே போனேன். பயந்து ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாதி உண்மை.

பெட்டி வந்த பிறகும் நான் ஆணியில் இருந்த பழைய டோக்கன்களைக் கழற்றவில்லை, புது டோக்கன் மாட்டுவதையும் விடவில்லை. சோம்பேறித்தனம் என்று கோதண்டம் சார் அதைச் சொல்வார். நாற்பத்தொன்று தொங்கிய ஏழு ஆணியிலிருந்தும் டோக்கன்களைக் கழற்றி எடுத்துவந்து, அவர் மேசைக் கண்ணாடியின் மேல் வரிசையாக வைத்தேன். முதல் இரண்டும் கரியாகக் கறுத்திருந்தன. மூன்றாவதில் பச்சை பூத்திருந்தது. அடுத்த மூன்றும் பழுப்பு. கடைசி ஒன்று மட்டும் பளபளப்பு. எழுத்து அச்சும் வேறு வேறு. ஒன்றில் நாலு கொக்கிபோல, ஒன்றில் நாற்காலிபோல, ஒன்றில் தலைகீழாகவே அடித்திருந்தது.

மாதேஷ் குனிந்து எழுத்து அச்சை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்கு டோக்கனை எடுத்து, பளபளப்பான அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தான். ஐந்தும் ஒரே அச்சு, ஒரே பளபளப்பு.

மொத்தம் பதினொன்று. கம்பெனி கொடுப்பது ஐந்து.

"எங்கிட்ட அஞ்சுதான் குடுத்தீங்க மேஸ்திரி. அஞ்சும் இங்க இருக்குது. மிச்சம் ஆறு யாரோடது?"

சம்பங்கி இடுப்பு வளையத்தைக் கையால் பொத்திக்கொண்டார். அதிலிருந்து சத்தம் வராமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மாதேஷுக்கு முன்னால் இருந்த நாற்பத்தொன்றுகளின் கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கெலவரப்பள்ளியிலிருந்து வந்த ஒருவன், விரலில் செம்பு மோதிரம். ஒடிசாக்காரன் ஒருவன், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. இன்னும் பல பேர். ஒவ்வொருவனும் போகும்போது ஒரு கேஜைத் தொலைத்தோ உடைத்தோ விட்டுப் போயிருக்கிறான். பெட்டிக்கு அவர்கள் எல்லோரும் ஒரே ஆள். வயதே ஆகாத, லீவே எடுக்காத, ஏழு கேஜ் திருடிய ஆள்.

கோதண்டம் சார் அதிகம் யோசிக்கவில்லை. "அப்ப இந்த நாப்பத்தொண்ண கிளீன் பண்ணிட்டாப் போச்சு" என்று பெட்டியை இழுத்தார். நாற்பத்தொன்றின் பட்டியலில் அழி என்ற பொத்தானைத் தட்டினார். அந்த லிஸ்ட்டில் கை வைக்க வேண்டாம் என்று சுமா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. தடுக்கக் கையை மட்டும் நீட்டினேன். ஏழும் மறைந்தன. "முடிஞ்சுது. அந்த பிளக் கேஜத் திருப்பிக் குடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

மாதேஷ் ஓடிப்போய் பிளக் கேஜைத் துடைத்துக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினான். எண்ணைப் பெட்டியில் தட்டினேன். அப்படி ஒரு கேஜ் கிடையாது என்றது.

போன் போட்டேன். சுமா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அய்யோ அண்ணா, ரெண்டாவது லிஸ்ட்ல இருந்து அழிச்சா, அது போய் மூலப் பொட்டலத்தையே அழிச்சிடும். திங்கக்கிழமை வந்து மறுபடி ஏத்தறேன்."

திங்கட்கிழமைக்கு மாதேஷால் காத்திருக்க முடியாது. மேனேஜரிடம் போனான். கோதண்டம் சார் தர்க்கம் தவறாதவர். "இல்லாத கேஜ எப்படித் திருப்பி வாங்க முடியும்? திருப்பி வாங்காம எப்படிக் கையெழுத்துப் போடறது? அத அப்பறம் பாக்கலாம்."

காலையில் ஏழு கேஜ் அதிகம் என்பதால் கையெழுத்து இல்லை. மதியம் ஒரு கேஜ் உலகத்திலேயே இல்லை என்பதால் கையெழுத்து இல்லை. மாதேஷ் ஜன்னலுக்கு வெளியே நின்றான். கம்பிக்குக் கீழே அவன் கை மட்டும் தெரிந்தது. இல்லாத கேஜைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாலு வருசம்ணா" என்றான்.

நான் கேஜை வாங்கி அதன் ஆணியில் மாட்டினேன். மேசையிலிருந்து அள்ளி வந்திருந்தவற்றில் அந்தப் பளபளப்பான டோக்கனை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் திரும்ப எடுத்துக்கொண்ட நான்கோடு சேர்த்து ஐந்து. பிறகு உள்சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் கத்தியால் மெதுவாக உரித்தேன். 'ஐந்து டோக்கனையும் ஒப்படைப்பவரிடம் சாமான் பாக்கி இல்லை.' அதைப் பெட்டி வந்தபோதும் யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்ய வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டும். கீழே, பச்சை மையில், நோட்டட், கோதண்டம் சாரின் கையெழுத்து.

"இத ஆபீஸ்ல குடு" என்றேன். அதுவரை அவனிடம் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஆபீசில் இருந்த அம்மா சுற்றறிக்கையைப் படித்து, டோக்கனை எண்ணி, மேனேஜர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. தாளை வாங்கிக்கொண்டார். கோதண்டம் சாருக்கு விஷயம் தெரிந்தபோது மாதேஷ் பர்மனென்ட். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அந்த உத்தரவிலும் நோட்டட் என்று எழுதினார்.

திங்கட்கிழமை சுமா வந்து ஏழு பொட்டலத்தையும் மீண்டும் ஏற்றினார். இம்முறை நானாகவே, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நம்பர்ல ஒரு ஆள் இல்லீங்கம்மா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப டோக்கன கீயா வெக்கக் கூடாது. ஆளோட சொந்த நம்பர் ஏதாவது பொட்டலத்துக்குள்ள வேணும். உள்ள இல்லாதத நான் எப்படி வெளிய எடுப்பேன்?"

சொந்த நம்பர் என்றால் காப்பீட்டு எண். ஆளுக்கு ஒன்று, மாறாது. சம்பங்கியிடம் கேட்டார். நாற்பது ஆளுக்கு அவர் கொண்டுவந்த எண்கள் பத்தொன்பது. மிச்சம் இருபத்தொரு பேரைக் காப்பீட்டில் சேர்க்கவே இல்லை. "எல்லாம் டெம்பரவரி பசங்கம்மா" என்றார். அதில் ஒருவன் எட்டு வருஷ டெம்பரவரி.

சுமா அந்த இருபத்தொன்றையும் எழுதி மேனேஜருக்குக் கடிதம் கொடுத்தார். நோட்டட். அவர்களுக்கு எண் இடத்தைக் காலியாக விடச் சொன்னார் கோதண்டம் சார். காலியாக இருந்தால் இரண்டாவது லிஸ்ட்டில் அவர்கள் வரமாட்டார்கள் என்று சுமா சொல்லிப் பார்த்தார். "அத அப்பறம் பாக்கலாம்." முன்பு பல பேரைப் பெட்டி ஒரே ஆள் என்றது. அதன் பிறகு இருபத்தொரு பேரை ஆளே இல்லை என்றது. பெட்டியைக் குறை சொல்ல முடியாது. நாம் எழுதியதைத்தான் அது படிக்கும்.

இதுவரை எழுதி நாகேஷிடம் கொடுக்க மடித்து வைத்திருந்தேன். முந்தாநாள் குருபரப்பள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மாதேஷ் போன் செய்தான். இப்போது அவன் லைன் லீடர். முகம் பார்த்துத் திறக்கும் அலமாரியில் பர்மனென்ட் ஆட்களின் முகம் மட்டும்தான் பதிந்திருக்கிறதாம். சம்பங்கி ஆட்களைப் பதிய வேண்டுமென்றால் காப்பீட்டு எண் கேட்கிறதாம். எண் இல்லை. கேஜ் இல்லாமல் லைன் ஓடாது. அதனால் ஷிப்ட் ஆரம்பத்தில் மாதேஷே போய் நின்று, தன் முகத்தைக் காட்டி, எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறான்.

"இப்ப என் மூஞ்சி பேர்ல அறுபத்திரண்டு கேஜுண்ணா. கோதண்டம் சார் மெமோ குடுத்துட்டாரு. மூணு மெஷின்ல ஒரே நேரத்துல எப்படி நின்னன்னு கேக்கறாரு."

"தெரிஞ்சே ஏன் எடுத்துக் குடுத்த?"

"நான் எடுத்துக் குடுக்கலன்னா அவனுங்கள அன்னைக்கு வேல இல்லன்னு கேட்லயே திருப்பிடறாங்கண்ணா. நானும் அங்க நின்னவன்தான்." பிறகு விஷயத்துக்கு வந்தான். "திங்கக்கெழம விசாரணை. பழைய ஆள் ஒருத்தரச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரலாமாம். நீங்க வரீங்களா?"

பஸ் வந்தது, ஏறவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்திலேயே நின்றேன். அலமாரி பித்தளை வாங்குவதில்லை. ஆணிச் சுவரையும் இடித்துவிட்டார்கள். மேசையில் வரிசையாக வைக்க இந்தத் தடவை என்னிடம் ஒரு டோக்கன்கூட இல்லை.

"வரேன்" என்றேன்.

நேற்றிலிருந்து வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்று பேசிப் பார்க்கிறேன். அந்த இருபத்தொரு பேர் என்ற இடம் வரைக்கும் குரல் உடையாமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வாக்கியம்தான் இருக்கிறது.